தனகோட்டி இருக்கும் தூரம்

எங்கள் குவார்ட்டர்ஸில் கீழ்வீடு சைமன்ராஜ் அண்ணனுடையது, மாடிவீடு எங்களுடையது. பதினோரு வருஷமாக அவர் என்ன சாப்பிட்டார், யாரோடு மனஸ்தாபம், எந்தப் பல் ஆடுகிறது என்பதெல்லாம் நான் படியிறங்காமலே தெரிந்துகொண்டு வருகிறேன். சுவர் கனமான சுவர்தான். சுவரைக் குற்றம் சொன்னால் அது பாவம்.

அவரைப் பற்றி எழுதுவதென்றால் வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிறந்தது மேல்பட்டாம்பாக்கம். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். அண்ணன் பதினேழு நிமிடம் பேசினார். நடுவராக வந்திருந்த பெரியவர் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லையாம். பிறகு ஐ.டி.ஐ. படித்தார், அப்ரன்டிஸாகச் சேர்ந்தார், எட்டு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்தார், ஒருவழியாகப் பெர்மனென்ட் ஆனார். இன்டர்வியூவில் "உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்" என்று கேட்ட அதிகாரி, அதற்குப் பிறகு வேறு யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்று அண்ணனே பெருமையாகச் சொல்வார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பிழைத்துவிட்டார். ஆறடி உயரம், ஐம்பத்திரண்டு வயது, திறந்தவெளிச் சுரங்கத்தில் பெல்ட் பார்க்கும் வேலை.

பெல்ட் என்றால் இடுப்பில் கட்டுவது இல்லை. வெட்டியெடுத்த மண்ணையும் கரியையும் சுமந்துகொண்டு கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிற ரப்பர் பட்டை. அகலம் ரெண்டு மீட்டர். அதற்குக் கீழே ரோலர்கள் வரிசையாக உருண்டுகொண்டே இருக்கும். அதன் ஒரு முனையில் நம் அண்ணன். மறுமுனையில் தனகோட்டி என்று இன்னொருவர். பட்டை கிழிகிறதா, ஓரம் ஒதுங்குகிறதா, ரோலர் சூடாகிறதா என்று எட்டு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அண்ணனுடைய மனைவி டெய்சி அக்கா ஒரு தனியார் பள்ளியில் யு.கே.ஜி. டீச்சர். நாற்பது பிள்ளைகள். ஒருவன் அழுதால் நாற்பது பேரும் அழுவார்கள் என்பது அந்த வகுப்பின் ஒற்றுமை. அதையெல்லாம் சமாளித்துவிட்டு நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால், ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்துக் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு அண்ணன் வாசலிலேயே காத்திருப்பார், பேசுவதற்கு. மகள் ஜெப்ரின் இருந்தவரைக்கும் இந்தப் பேச்சை அம்மாவும் பெண்ணும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். போன ஜூனில் ஜெப்ரின் கோயம்புத்தூருக்கு நர்சிங் படிக்கப் போய்விட்டாள். முழுப் பேச்சும் அக்கா தலையில் வந்து விழுந்தது.

ஜூலையில் ஒரு நாள் அக்கா பொங்கிவிட்டார்.

"எட்டு மணி நேரம் அங்க கூட்டாளிங்களோட பேசிக்கினுதான இருக்கீங்க. அது பத்தாதா? என் காது என்ன பாவம் பண்ணுச்சி?"

"அங்க யாருடி இருக்கா? நான் ஒண்டிக்கட்டையா நிக்கிறன்."

"எங்கிட்டயேவா? போன வருசம் புள்ளைங்கள கூட்டிக்கினு வியூ பாயின்ட்டுக்கு வந்தப்ப நான்தான் பாத்தனே. மேலேர்ந்து பாத்தா ஊரே உள்ளதான் கெடக்கு. பெல்ட்டு பக்கத்துல ஆளு, ஆளு பக்கத்துல ஆளு."

"மேலேர்ந்து பாத்தா அப்பிடித்தான் தெரியும்."

"கண்ணால பாத்தத நம்பறதா, நீங்க வாயால சொல்றத நம்பறதா?"

இதற்குப் பதில் சொல்ல அண்ணனுக்கு வாய் இருந்தது, சாட்சி இல்லை. ஒரு போட்டோ எடுத்து வந்து காட்டலாமென்றால் போனை கேட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். அன்றைக்கே அக்கா சட்டம் போட்டுவிட்டார்: சாயங்காலம் ஜெபமாலை முடிகிற வரைக்கும் வீட்டில் பேச்சு கிடையாது. முடிந்த பிறகு பேசலாம். ஆனால் அதற்குள் அக்காவுக்குத் தூக்கம் வந்துவிடும்.

அடுத்த நாளிலிருந்து கீழ்வீட்டில் ஜெபமாலை கேட்க வேண்டுமே! ஐம்பத்து மூன்று அருள் நிறைந்த மரியேயையும் அண்ணன் ஒன்றுவிடாமல் அடிவயிற்றிலிருந்து சொன்னார். நான் வேறு மார்க்கத்துக்காரன். எனக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது.

மிச்சப் பேச்சு மாடி ஏறி எங்களிடம் வந்தது. நான் ஸ்டோர்ஸில் வேலை பார்ப்பவன், போல்ட்டுக்கும் நட்டுக்கும் நடுவில் நாளெல்லாம் அமைதியாக இருந்து பழகியவன். உண்மையைச் சொல்கிறேன், நான் அப்போது அக்காவின் கட்சி. இவ்வளவு பேசுகிற மனுஷன் எட்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பார் என்று யார்தான் நம்புவார்கள்? அவர் பெல்ட்டைப் பார்த்துப் பேசினால்கூட அது நின்று கேட்கும் என்று நினைத்தேன்.

யோசனை சொன்னவள் என் மனைவி சபீஹாதான். அவள் சனிக்கிழமைகளில் எங்கள் வராந்தாவில் பிள்ளைகளுக்கு டிராயிங் கிளாஸ் எடுக்கிறாள். "போட்டோதான அண்ணா எடுக்க முடியாது? வரைஞ்சு காட்டுங்க. நீங்கதான் நல்லா வரைவீங்களே" என்றாள்.

வரைவார் என்பது உண்மை. முகம் வரைவதில் கைதேர்ந்தவர். எங்கள் பிளாக்கில் ரிட்டயர் ஆகிற எல்லோருக்கும் அவர்தான் படம் வரைந்து கொடுப்பார். மூக்கை மட்டும் கொஞ்சம் எடுப்பாகப் போட்டுவிடுவார், மற்றபடி அச்சு அசல். அண்ணன் உடனே கீழே போய்ப் பழைய மாதக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் வரைந்தார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஸ்கேல் வைத்து ரெண்டு கோடு, அதுதான் பெல்ட். இடது முனையில் அவர், வலது முனையில் தனகோட்டி. இரண்டு பேருக்கும் கண், மூக்கு, மீசை எல்லாம் உண்டு. நடுவில் அம்புக்குறி போட்டு "ஒன்றேகால் கிலோமீட்டர்" என்று எழுதியிருந்தார்.

அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒரு சாண் தூரத்தில் இரண்டு பேர்.

"எழுதிட்டா தூரம் ஆயிடுமா? எதிரும் புதிருமா ஒக்காந்துகினு சிரிச்சிக்கினு இருக்கீங்க ரெண்டு பேரும். தனகோட்டி அண்ணனுக்குப் பல்லு தெரியுது."

"அவரு சிரிச்ச மொகம்டி."

"ஒண்ணேகால் கிலோமீட்டருக்கு அப்பால இருக்கறவரு சிரிக்கிறது உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சிது?"

அண்ணன் தாளை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். "டீச்சர்" என்றார் சபீஹாவைப் பார்த்து. அதுவரை அவளை அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். "தூரத்த எப்பிடி வரையறது?"

அந்தச் சனிக்கிழமையிலிருந்து எங்கள் வராந்தாவில் பன்னிரண்டு பேர். பதினொரு பேர் ஐந்தாம் வகுப்புக்குக் கீழே. பன்னிரண்டாவது ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மூன்று பிள்ளைகள் நகர வேண்டியிருந்தது. சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் பிள்ளைகளைப் போலவே சுண்டுவிரலை அல்ல, ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும் என்று ஒரு மூன்றாம் வகுப்புப் பெண் அவருக்கு விளக்கினாள். சுண்டுவிரலுக்கு வேறு அர்த்தம்.

சபீஹா முதலில் சொன்னது, தூரம் போகப் போக எல்லாம் சிறுத்துக்கொண்டே போகும், அகலமும் குறையும் என்பது. பிள்ளைகள் சரி என்று வரைய ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் விரலைத் தூக்கினார்.

"அகலம் கொறையக் கூடாது டீச்சர். அது ரெண்டு மீட்டர் பெல்ட்டு. எங்க போனாலும் ரெண்டு மீட்டர். அங்க போயி கொறஞ்சிடுச்சின்னா, ஓரம் தின்னுடுச்சின்னு அர்த்தம். பெல்ட்ட நிறுத்திடுவோம்."

"அது குறையல அண்ணா. குறைஞ்ச மாதிரி தெரியும்."

"இல்லாதத எப்பிடி வரையறது?"

"தெரியறதத்தான் வரையணும். இருக்கறத இல்ல."

"ரோலரும் அப்பிடித்தானா? ஒண்ணுக்கு ஒண்ணு இடவெளி சமமா இருக்கும். அத நெருக்கி நெருக்கிப் போட்டா, செக்கிங்கு வர்றவங்க என்னா கேப்பாங்க?"

"உங்க படத்துக்கு யாரு அண்ணா செக்கிங் வரப்போறா?"

"டெய்சி வருவா" என்றார் அண்ணன்.

இருபத்தாறு வருஷம் ஒரு பொருளைக் கூட இருந்து பார்த்தவனிடம் அது இருக்கிற மாதிரி தெரியாது என்று சொன்னால் எப்படி ஒத்துக்கொள்வான்? அண்ணனுடைய தப்பு அறியாமையால் வந்தது இல்லை, அளவுக்கு மேலே தெரிந்ததால் வந்தது. தனகோட்டியின் மீசையையும் அவர் விடுவதாக இல்லை. "அங்கிருந்து மீசை தெரியுமா அண்ணா?" என்று சபீஹா கேட்டாள். "தெரியாது. ஆனா இருக்குதே" என்றார்.

சபீஹா வகுப்பையே எழுப்பி ரோட்டுக்குக் கூட்டிப் போனாள். எங்கள் டவுன்ஷிப்பில் ரோடு வளைந்து போனால்தான் செய்தி. பிளாக்குக்கு நடுவில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் மரம், மரத்துக்குப் பின்னால் ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி காம்பவுண்டு, ஒரே மாதிரி கேட். இங்கே புதிதாக வருகிறவர்கள் வேறு வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு டீ கேட்பது வழக்கம். அப்படி இருக்கிற ரோட்டை ஆண்டவனே டிராயிங் டீச்சர்களுக்காகப் போட்டுக் கொடுத்திருக்கிறான். கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, பக்கத்து லைட் கம்பத்தையும் தூரத்துக் கம்பத்தையும் அளக்கச் சொன்னாள். பக்கத்துக் கம்பம் ஒரு பென்சில். கடைசிக் கம்பம் பென்சில் கூரின் அளவு.

அண்ணன் அசந்துபோனார். அன்றிலிருந்து பார்த்ததையெல்லாம் அளந்தார். காலையில் பால் வாங்கப் போகும்போது, மாதா கோயில் வாசலில், ரேஷன் வரிசையில், எங்கும் கையை நீட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எதிரே வருகிறவர்களுக்குப் பென்சில் தெரியாது, மூடிய கண்தான் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? உங்கள் வீட்டுக்காரர் முக்கு ரோட்டில் நின்றுகொண்டு கண்ணடிக்கிறார் என்று நாலு பேர் அக்காவிடம் சொன்னார்கள். நான்காவதாக வந்து சொன்ன அம்மாளுக்கு எழுபது வயது. கொஞ்சம் சந்தோஷமாகத்தான் சொன்னாராம்.

அடுத்த பாடம் கோடு. சபீஹா சொன்னாள்: "ரோடு முடியிற எடத்துல வானமும் தரையும் தொடுதில்ல? அங்க குறுக்கால ஒரு கோடு போடுங்க. அதுல ஒரு புள்ளி வைங்க. ரோட்டோட ரெண்டு ஓரமும், மரமும், காம்பவுண்டும் எல்லாமே அந்தப் புள்ளிக்குத்தான் ஓடணும்."

அண்ணன் போட்டார். ரோடு அப்படியே தாளுக்குள் நீண்டு போனது. சபீஹா அதை வராந்தாச் சுவரில் ஒட்டினாள், ஒன்றாம் வகுப்புக்காரன் ஒருவனுடைய யானைக்கும் இன்னொருத்தியின் மயிலுக்கும் நடுவில். அண்ணன் அதைப் பார்ப்பதற்காகவே ஒரு வாரத்தில் ஒன்பது தடவை மாடி ஏறினார். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம் வரும் என்று எனக்குத் தெரியாது.

இனிமேல் என்ன, பெல்ட்டை வரைந்துவிட வேண்டியதுதான். ஒரு சார்ட் அட்டை வாங்கி, லீவு நாளில் உட்கார்ந்து வரைந்தார். பெல்ட் ஒழுங்காகக் குறுகியது. ரோலர் ஒழுங்காக நெருங்கியது. தனகோட்டி ஒழுங்காகச் சின்னதானார், மீசை மட்டும் மிச்சம். ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்திப் பார்த்தால் என்னமோ கோளாறு. டெய்சி அக்கா பார்த்தார்.

"ஏணி நல்லாருக்கு."

"ஏணி இல்லடி, பெல்ட்டு."

"பெல்ட்டா? தனகோட்டி அண்ணன் ஏன் மொட்ட மாடியில ஒக்காந்துகினு இருக்காரு? எட்டிப் பாத்தா உங்க தலையத் தொட்டுடுவாரு போல இருக்கே."

அக்கா சொன்னது நியாயம். தரை படுத்துக்கொண்டு போகாமல் எழுந்து நின்றது. பெல்ட் செங்குத்தாக ஏறித் தாளின் உச்சியில் முடிந்தது. அதன் உச்சியில், மேகத்துக்குப் பக்கத்தில், தனகோட்டி. மோட்சத்துக்கு டியூட்டி போட்ட மாதிரி இருந்தது.

சபீஹா ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். எல்லாக் கோடும் புள்ளிக்குத்தான் போகிறது. புள்ளி கோட்டின் மேல்தான் இருக்கிறது. "கோட்ட ஏன் அண்ணா இவ்ளோ மேல போட்டீங்க?"

"நீங்கதான வானமும் தரையும் தொடுற எடத்துல போடச் சொன்னீங்க? உள்ள நின்னுகினு பாத்தா வானம் மேலதான் டீச்சர் இருக்குது."

"வானம் எங்கயும் மேலதான் அண்ணா இருக்கும்."

"அப்ப நான் போட்டது சரிதான?"

சரிதான். சட்டப்படி சரி, பார்க்கத்தான் தப்பு. சபீஹா சுரங்கத்துக்குள் இறங்கியதே இல்லை. அண்ணன் சுரங்கத்துக்கு வெளியே நின்று தரையைக் கவனித்ததே இல்லை. டீச்சருக்கும் தெரியவில்லை, மாணவருக்கும் தெரியவில்லை, நடுவில் நான் இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அண்ணன் கிளாஸுக்கு வரவில்லை. ஜெபமாலையும் சாதாரணக் குரலில் நடந்தது. ஒரு நாள் டியூட்டி முடிந்து வருகிறேன், மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் ஒன்றும் பேசவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு பாய். நான் பொய் சொல்றன்னு அவ முடிவு பண்ணிட்டா. இருபத்தாறு வருசமா நான் அங்க அரட்ட அடிச்சிக்கினு இருந்துட்டு வர்றன்னே நெனச்சிக்கினு இருந்திருக்கா. அதுதான் தாங்கல."

நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. நானும் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். ஸ்டோர்ஸில் அன்றைக்கு நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னேன், அவர் கேட்டுக்கொண்டார்.

விடிவு வந்தது ஷிப்ட் மாறுகிற நேரத்தில். ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆட்களை பஸ் கொண்டுபோய்ச் சுரங்கத்தின் அடித்தளத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து அவரவர் இடத்துக்கு நடக்க வேண்டும். அன்றைக்கு அண்ணன் கடைசியாக இறங்கி, எல்லோருக்கும் பின்னால் நின்று ஷூ லேஸ் கட்டிவிட்டு நிமிர்ந்தார். முன்னால் முப்பது பேர், பக்கத்தில் சிலர், தூரத்தில் சிலர், இன்னும் தூரத்தில் சிலர். அத்தனை பேருடைய ஹெல்மெட்டும் ஒரே நூலில் கோத்த மாதிரி நின்றன. கால்கள் மட்டும் தூரம் போகப் போக மேலே மேலே ஏறின. தலைகள் ஏறவில்லை. குள்ளமான செங்குட்டுவன் மட்டும் நூலுக்குக் கீழே, அவர் எங்கே நடந்தாலும் கீழேதான். அண்ணன் குனிந்து பார்த்தார், நூலும் குனிந்தது. நிமிர்ந்தார், நிமிர்ந்தது. அது அவருடைய கண்ணின் உயரம்.

மூன்று மணிக்கு டிபன் கேரியரோடு நேராக மாடிக்கு வந்தார்.

"டீச்சர், கோடு வானத்துல இல்ல. என் கண்ணுல இருக்குது."

சபீஹாவுக்குச் சட்டென்று புரியவில்லை. நிரூபிக்கிறேன் என்று எங்களை ரோட்டுக்கு இழுத்துப் போனார். அவர் கண் உயரத்துக்கு ஒட்டடைக் கம்பை அளந்து, உச்சியில் தன் ஹெல்மெட்டை மாட்டி, அதை என் கையில் கொடுத்து, நேராக நடக்கச் சொன்னார். நான் நடந்தேன். பட்டப்பகலில், பள்ளிக்கூடம் விட்டு எல்லோரும் வருகிற நேரத்தில், ஸ்டோர்ஸ் ஜுல்பிகர் ஒட்டடைக் கம்பில் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு தனியாக ஊர்வலம் போனதை எங்கள் பிளாக் இன்னும் பத்து வருஷத்துக்குப் பேசும். என்ன போராட்டம் பாய் என்று ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தியே கேட்டார். ரோடு முடிகிற இடம் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தால், அங்கே சபீஹா கை தட்டிக்கொண்டு குதிக்கிறாள். நான் எவ்வளவு தூரம் போயும் ஹெல்மெட் அந்தக் கோட்டை விட்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லையாம்.

"வெளியில தரை நீளமாப் போறதால வானம் வந்து அதே கோட்டுல தொடுது" என்றாள் சபீஹா மூச்சு வாங்க. "உங்க சுரங்கத்துல மண்சுவர் நடுவுல எழும்பி அதை மறைச்சிடுது. நீங்க சுவரோட உச்சியக் கோடுன்னு நெனச்சிட்டீங்க. கண்மட்டம்னு படிச்சிருக்கேன் அண்ணா, பாடமும் எடுத்திருக்கேன். ஆனா இப்பதான் எனக்கே தெரியுது."

அதற்கப்புறம் மூன்று லீவு நாள் அண்ணன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. இரண்டு சார்ட்டை நீளவாக்கில் ஒட்டி வரைந்தார். கோட்டைத் தாளின் நடுவிலிருந்து கொஞ்சம் கீழே போட்டார். தரை படுத்துக்கொண்டது. பெல்ட் காலடியில் அகலமாகக் கிளம்பிப் போய்க்கொண்டே இருந்தது. அதற்குப் பின்னால் மண்சுவர் செம்மண்ணும் வெள்ளையும் சாம்பலும் அடியில் கருப்புமாகப் படிப்படியாக எழும்பியது. வானம் உச்சியில் ஒரு விரற்கடை.

தனகோட்டிதான் கடைசி வரைக்கும் பிரச்சினை. பென்சிலை நீட்டி அளந்து பார்த்ததில், அந்தத் தூரத்தில் அவருக்குக் கிடைத்த இடம் ஒரு புள்ளி. அண்ணன் தவித்துப்போனார். "இருபத்தாறு வருச சிநேகிதம் பாய். ஒரு எள்ளளவுல எப்பிடி நான் அவர முடிக்கிறது?" பஸ்ஸில் தனகோட்டியிடமே கேட்டிருக்கிறார். மீசையை மட்டும் எப்படியாவது போட்டுவிடு என்றாராம் அவர். சபீஹா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அண்ணன் பென்சிலை நன்றாகச் சீவி, சிலுவை போட்டுக்கொண்டு, கூரால் ஒரே ஒரு தடவை தொட்டார். தனகோட்டி முடிந்தது.

ஒரு வியாழக்கிழமை நாலரை மணிக்கு எங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். ஜெபமாலைக்கு இன்னும் நேரம் இருந்ததால் சைகையில்தான் கூப்பிட்டார். ஹால் சுவரில் படம். தன் கண்ணுக்கு நேரே கோடு வரும்படி ஒட்டியிருந்தார். டெய்சி அக்கா ஐந்தடி. வந்து அண்ணாந்து பார்த்தார், பிறகு உள்ளே போய் முக்காலியைக் கொண்டுவந்து போட்டு அதன் மேல் ஏறினார். ஹேண்ட்பேக் இன்னும் தோளிலேயே இருந்தது.

இந்தத் தடவை ஏணி என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க எங்க?" என்று கேட்டார்.

அண்ணன் ஜெபமாலை முடியாததை நினைத்துத் தயங்கினார். அக்கா, "சொல்லுங்க" என்றார்.

"நான் படத்துல இல்ல டெய்சி. நான் நிக்கிற எடத்துலதான் இப்ப நீ நிக்கிற."

அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தார், பிறகு படத்தை. விரலைப் பெல்ட்டின் மேல் வைத்து, அப்படியே நகர்த்திக்கொண்டே போனார், யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு எழுத்துக் காட்டுகிற மாதிரி. கடைசியில் விரல் நின்றது.

"இது அழுக்கா?"

"தனகோட்டி."

அக்கா விரலைச் சட்டென்று எடுத்துவிட்டார், மேலே பட்டுவிடப் போகிறது என்பது போல. "கூப்புட்டா கேக்காதா?"

"பெல்ட்டு சத்தத்துல பக்கத்துல நின்னாலே கேக்காது."

"அப்ப என்னாதான் பண்ணுவீங்க?"

"காலைல பத்து மணிக்கு நான் ஒருவாட்டி கைய ஆட்டுவன். அவரும் ஆட்டுவாரு. பதிலுக்கு ஆட்டுறாரான்னு சரியாத் தெரியாது. ஆட்டுறாருன்னு வெச்சிக்கறன்."

இது எங்களுக்கும் புது விஷயம். பதினோரு வருஷம் அவர் பேசிய பேச்சில் இதை ஒரு நாளும் சொன்னதில்லை. சபீஹா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், போய்விடலாம் என்று. நான் நகரவில்லை, மரியாதைக்குறைவுதான்.

அக்கா முக்காலியிலிருந்து இறங்கினார். அதையே இழுத்து அண்ணனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். பேகை மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னிக்குக் கைய ஆட்டுனதுக்கு அப்பறம் என்னா ஆச்சு?"

அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். அவர் சொல்லுக்குத் தடுமாறி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஒண்ணும் ஆவல டெய்சி. பெல்ட்டு ஓடிக்கினு இருந்துச்சி."

"சரி," என்றார் அக்கா, "அதச் சொல்லுங்க."